திடீர்னு ஒருத்தர் போயிட்டா: துக்கத்துக்கு தெரபி எடுக்குறது எப்படி

எங்க அண்ணன் காலைல வேலைக்குக் கிளம்பினவர், சாயங்காலம் திரும்பி வரல. மாரடைப்பு, 41 வயசு, அதுக்கு முந்தி ஒரு காய்ச்சல்னு கூட படுத்ததில்ல. எனக்கு அவர் கடைசியா அனுப்புன மெசேஜ் "அப்புறம் பேசுறேன்". அந்த ரெண்டு வார்த்தைய பதினோரு மாசம் தினமும் ராத்திரி எடுத்துப் பாப்பேன், பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சுட்டு அப்படியே கண்ண முழிச்சுட்டுப் படுத்திருப்பேன், விடிஞ்சிரும். அதுக்கப்புறம் தான் தெரபிக்குப் போனேன். நான் டாக்டர் இல்ல, எதிர்ல உக்காந்து அழுதவன், எனக்கு என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்க அப்புறம் நிறைய படிச்சவன். இதே நிலைமைல இருக்குறவங்களுக்கும், அவங்களப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம தவிக்கிறவங்களுக்கும் உதவட்டுமேன்னு எழுதுறேன்.

நான் அத்தன மாசம் போகாம இருந்ததுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணு தான். தெரபின்னா செத்தவங்கள மறக்க வைக்கிற வேலைன்னு நினைச்சுட்டேன். அது தப்பு. திடீர் சாவுல என்ன ஆகுதுன்னா, அந்த ஒரு நாள், அந்த ஒரு போன் கால், அவங்க வாழ்ந்த அத்தன வருஷத்தையும் மறைச்சுக்கிட்டு முன்னாடி வந்து நின்னுடுது. அண்ணன்னு நினைச்சாலே எனக்கு ஆஸ்பத்திரி வராண்டா தான் வரும், என் சைக்கிள் பின்னாடியே பிடிச்சுக்கிட்டு ஓடி வந்த அண்ணன் வரமாட்டார். அந்த நாளக் கொஞ்சம் தள்ளி வெச்சு, அண்ணனத் திருப்பிக் கொண்டு வர்றது தான் தெரபில நடந்துச்சு.

முதல் சில வாரம் என்ன செய்யணும்

இந்த சமயத்துல ஆழமான தெரபி எதுவும் தேவையில்ல. சம்பவம் நடந்த உடனே ஒரு தடவ உக்கார வெச்சு "எல்லாத்தையும் கொட்டிடு"ன்னு பேச வைக்கிற பழக்கம் ஒரு காலத்துல இருந்துச்சு, அது பலன் தர்றதில்லன்னு ஆராய்ச்சிகள்ல தெரிஞ்சப்புறம் இப்ப அத பரிந்துரைக்கிறதில்ல. அதனால யாராவது உங்கள வற்புறுத்திப் பேச வெச்சா "இப்ப வேணாம்"னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு. பேசணும்னு தோணினா பேசுங்க, அவ்ளோதான். தண்ணி குடிக்கணும், ரெண்டு வாய் சாப்பிடணும், கொஞ்சமாச்சும் தூங்கணும். பேங்க், இன்சூரன்ஸ், சர்டிபிகேட்னு வர்ற வேலைய எல்லாம் துக்கத்துல கொஞ்சம் தள்ளி இருக்குற ஒருத்தர்கிட்ட குடுத்துடுங்க. பெரிய முடிவு எதையும் எடுக்காதீங்க, முக்கியமா வீட்டக் காலி பண்றது, அவங்க பொருள எல்லாம் தூக்கிக் குடுக்குறது.

உடம்பு பண்றத முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க, இது எனக்கு யாரும் சொல்லல. 1942 நவம்பர் 28ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல கோகோநட் குரோவ்னு ஒரு நைட் கிளப் தீப்பிடிச்சு 492 பேர் செத்துப் போனாங்க. அதுல உறவ இழந்தவங்கள உட்பட 101 பேரப் பாத்து எரிக் லிண்டமன்னு ஒரு மனநல டாக்டர் 1944ல ஒரு கட்டுரை எழுதினார். தொண்டை அடைக்கும், மூச்சு முட்டும், பெருமூச்சு வந்துட்டே இருக்கும், வயித்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு வெறுமை, இதெல்லாம் அலை அலையா வரும், ஒரு அலை 20 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும்னு எழுதி வெச்சிருக்கார். நான் இதப் படிச்சப்ப அழுதுட்டேன், ஏன்னா எனக்கு அப்படியே அது தான் வந்துட்டு இருந்துச்சு, எனக்கு மட்டும் என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டு இருந்தேன். அலை வரும்போது எதிர்த்து நிக்காதீங்க, ஒரு இடத்துல உக்காருங்க, பாதம் தரைல நல்லா பதியட்டும், மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறது நீளமா இருக்கட்டும். அது இறங்கிடும், திரும்பியும் வரும், திரும்பியும் இறங்கும்.

ஆனா நெஞ்சு வலி வந்தா மட்டும் துக்கம் தானேன்னு விட்டுடாதீங்க. பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் இதயத் தசை திடீர்னு பலவீனமாகுற டாகோட்சுபோன்னு ஒரு நிலைமை நிஜமாவே இருக்கு, 1990ல ஜப்பான் டாக்டர்கள் பேர் வெச்சது. பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும், ஆனா பாக்க மாரடைப்பு மாதிரியே இருக்கும், வீட்ல உக்காந்துட்டு இது அதுவா இதுவான்னு கண்டுபிடிக்க முடியாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

இன்னொண்ணு, நிறைய பேர் வெளிய சொல்லவே பயப்படுறது. அவங்க குரல் கேக்கும், பக்கத்து ரூம்ல நடக்குற மாதிரி இருக்கும், பஸ்ல முன்னாடி சீட்ல உக்காந்திருக்குற முதுகு அவங்க முதுகாவே தெரியும். இது பைத்தியம் இல்ல. 1971ல டெவி ரீஸ்னு ஒரு டாக்டர் பிரிட்டன்ல இருக்குற வேல்ஸ்ல கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேர்கிட்ட கேட்டப்ப, கிட்டத்தட்ட பாதிப் பேர் அவங்க இருக்குற மாதிரி உணர்ந்ததா சொன்னாங்க, அதுல முக்கால்வாசிப் பேர் அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் அத சொன்னதே இல்ல.

எனக்கு தெரபி தேவையா?

எல்லாருக்கும் தேவைப்படாது, இத வெளிப்படையா சொல்லிடுறேன். பெரும்பாலானவங்க வீட்டு ஆளுங்க, நண்பர்கள், நாள் போகப் போக, இதுலயே மெதுவா எழுந்து வந்துடுவாங்க. துக்கம் ஒரு நோய் இல்ல. ஆனா சிலருக்கு அது அப்படியே உறைஞ்சு நின்னுடும், அதுக்கு இப்ப மருத்துவத்துலயே நீடித்த துக்கக் கோளாறுன்னு பேர் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாடு 6 மாசத்துக்கு மேல போனா கவனிக்கணும்னு சொல்லுது, அமெரிக்க மனநல சங்கம் 2022ல தன்னோட கையேட்டுல சேத்தது பெரியவங்களுக்கு 12 மாசம், பிள்ளைங்களுக்கு 6 மாசம்னு சொல்லுது. 2017ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தப்ப இயற்கையான சாவுக்கு அப்புறம் பத்துல ஒருத்தருக்கு இந்த நிலைமை வந்தது தெரிஞ்சுது, ஆனா 2020ல விபத்து, கொலை, தற்கொலை, பேரிடர்னு போனவங்களோட உறவுகள மட்டும் தனியா அதே மாதிரி பாத்தப்ப அது கிட்டத்தட்ட பாதியா இருந்துச்சு. அந்த வித்தியாசத்த நினைச்சுப் பாருங்க. உங்க வீட்ல அப்படிப்பட்ட சாவுன்னா, "எல்லாரும் தாங்குறாங்க, நான் மட்டும் ஏன்"னு கேட்டுக்காதீங்க.

மாசக் கணக்க விட முக்கியமான அடையாளங்கள் இருக்கு. அவங்க போயிட்டாங்கன்னு இன்னும் நம்பவே முடியல, அவங்க சம்பந்தப்பட்ட ஒரு இடத்துக்கோ போட்டோவுக்கோ பக்கத்துலயே போக முடியல, இல்ல அதுக்கு நேர் எதிரா அதுலயே மூழ்கிக் கிடக்குறீங்க, எதுக்கும் அர்த்தமே இல்லன்னு தோணுது, உங்கள்ல பாதி செத்துப் போன மாதிரி இருக்கு, இதெல்லாம் தினமும், வேலை வீடு எதையும் பாக்க முடியாத அளவுக்கு. அப்படின்னா போங்க. மாசம் ஆகட்டும்னு காத்திருக்கணும்னு கட்டாயம் இல்ல.

"நானும் அவங்ககூடவே போயிடணும்"னு தோணுறத பத்தி தனியா சொல்லணும். அந்த ஏக்கம் துக்கத்துல நிறைய பேருக்கு வரும். ஆனா எப்படி, எப்போன்னு மனசு யோசிக்க ஆரம்பிச்சா அது வேற, அன்னிக்கே, அந்த மணி நேரத்துலயே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, தனியா இருக்காதீங்க, ஹெல்ப்லைனுக்கோ எமர்ஜென்சிக்கோ கூப்பிடுங்க. பக்கத்துல இருக்குறவங்களுக்கும் சொல்றேன், நேரடியா கேளுங்க, "சாகணும்னு தோணுதா"ன்னு கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது, கேட்டவங்ககிட்ட சொல்லத் தான் தோணும்.

சரியான ஆளத் தேடுறது

நான் முதல்ல போன ஒருத்தர் ரெண்டாவது செஷன்லயே "நீங்க இப்ப கோபம்ங்குற ஸ்டேஜ்ல இருக்கீங்க, அடுத்து ஏத்துக்குற ஸ்டேஜ் வந்துடும்"னு சொன்னார். எனக்கு கோபமே இல்ல, வெறும் மரத்துப் போன நிலைமை, அப்ப நான் துக்கப்படுறதுல கூட ஃபெயிலான்னு நினைச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, எலிசபெத் கூப்ளர்-ராஸ்னு ஒரு மனநல டாக்டர் 1969ல மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏத்துக்குறதுன்னு அஞ்சு நிலைய எழுதினது சாகப் போற நோயாளிங்ககிட்ட பேசி, அவங்க தங்களோட சாவ எப்படி எதிர்கொள்றாங்கன்னு. உறவப் பறிகொடுத்தவங்க படி ஏறுற மாதிரி ஒண்ணொண்ணா ஏறி முடிக்கணும்னு எந்த விதியும் இல்ல.

அதனால முதல் போன்லயே கேட்டுடுங்க: திடீர் சாவுல உறவ இழந்தவங்கள நீங்க பாத்திருக்கீங்களா, துக்கத்துக்குன்னு தனியா ட்ரெய்னிங் எடுத்திருக்கீங்களா, சாதாரண டிப்ரஷனுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசமா செய்வீங்க, எத்தன செஷன் ஆகும், நடுவுல எனக்கு ரொம்ப மோசமானா யாரக் கூப்பிடணும். இதுக்கு நிதானமா பதில் சொல்றவங்க நல்ல ஆளு. நீங்க சாவ கண்ணால பாத்திருந்தாலோ, உடல நீங்க தான் முதல்ல பாத்தவர்னாலோ, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து உலுக்குச்சுன்னாலோ, அதிர்ச்சிக்கும் சேத்து சிகிச்சை குடுக்கத் தெரிஞ்சவரா பாருங்க. சில சமயம் முதல்ல அந்தக் காட்சிக்கு வேலை பாத்துட்டு அப்புறம் தான் துக்கத்துக்கு வர முடியும். ரெண்டு மூணு செஷன் போயும் மனசு ஒட்டலன்னா ஆள மாத்துங்க, அதுல குற்ற உணர்ச்சிப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல, எனக்கு ரெண்டாவதா கிடைச்சவங்க முதல் நாள் கேட்டது "உங்க அண்ணன் பேர் என்ன, அவர் எப்படிப்பட்டவர்". செத்ததப் பத்திக் கேக்கல. அந்த ஒரு கேள்வியிலயே எனக்கு இவங்க தான்னு தெரிஞ்சிடுச்சு.

உள்ள என்ன நடக்கும்

நான் போனது கேத்தரின் ஷியர்னு அமெரிக்க மனநல டாக்டர் ஒருத்தர் உருவாக்கின முறைய ஒட்டி, சுமார் 16 செஷன். 2005ல வந்த அவங்க ஆய்வுல இந்த முறையில பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் இருந்துச்சு, அதுவரைக்கும் வழக்கமா குடுத்துட்டு இருந்த இன்னொரு தெரபில 28 சதவீதம் தான். பாதி தானான்னு கேக்கலாம், ஆனா வருஷக் கணக்கா உறைஞ்சு போய் இருந்தவங்க அவங்க.

வீட்டுப்பாடம் ரொம்ப சின்னதா ஆரம்பிக்கும். தினமும் ராத்திரி ஒரு நோட்ல, இன்னிக்கு துக்கம் எப்ப அதிகமா இருந்துச்சு, எப்ப குறைவா இருந்துச்சு, 1ல இருந்து 10க்குள்ள எவ்ளோன்னு எழுதணும். "எப்பவும் 10 தான்"னு சொல்லிட்டு ஆரம்பிச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா பக்கத்து வீட்டுக் குழந்தை வந்திருந்த அன்னிக்கு சாயங்காலம் 4னு எழுதியிருக்கு. அத நானே எழுதினேன்னு நம்பவே முடியல.

அப்புறம் வர்றது தான் கஷ்டமான பாகம். கண்ண மூடிக்கிட்டு, செய்தி கேட்ட நிமிஷத்த இப்ப நடக்குற மாதிரி சொல்லணும். "போன் அடிக்குது, அண்ணி நம்பர், எடுக்குறேன், அவங்க குரல் இல்ல, வேற யாரோ பேசுறாங்க"ன்னு. அத ரெக்கார்ட் பண்ணி வீட்ல தினமும் கேக்கணும், கேட்டு முடிச்சதும் டேப்ப சுருட்டி வெக்கிற மாதிரி அத மனசுல சுருட்டி ஓரமா வெச்சுட்டு உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு செய்யணும், நடக்கப் போறதோ பாட்டு கேக்குறதோ எதுவோ. முதல் தடவ நான் பாதியிலயே நிறுத்திட்டேன். நாலாவது வாரம் சொல்லும்போது, இத்தன நாள் ஞாபகத்துக்கே வராத ஒரு விஷயம் வந்துச்சு: நான் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அண்ணனோட கையப் பிடிச்சேன், அது இன்னும் சூடா இருந்துச்சு. நான் லேட்டா போயிட்டேன் லேட்டா போயிட்டேன்னே நினைச்சுட்டு இருந்ததுல அது எங்கயோ புதைஞ்சு போயிருந்துச்சு. இந்தப் பயிற்சிய மட்டும் தயவுசெஞ்சு தனியா செய்யாதீங்க, தெரிஞ்ச ஒருத்தர் கூட இருந்து எங்க நிறுத்தணும்னு பாத்துக்கணும்.

கூடவே நீங்க ஒதுங்கிப் போற இடங்கள ஒரு லிஸ்ட் போட்டு, சுலபமானதுல இருந்து ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா போகச் சொல்வாங்க. எனக்கு அண்ணன் வேலைக்குப் போற ரோடு கடைசில இருந்துச்சு, அவர் சட்டைய மோந்து பாக்குறது நடுவுல. இன்னொரு நாள் காலி நாற்காலியப் பாத்து அவர்கிட்ட பேசிட்டு, அவரா இருந்து நானே பதிலும் சொல்லணும். கேக்க சினிமா மாதிரி இருக்கும், நானும் கூச்சப்பட்டேன், ஆனா அண்ணனா பதில் சொல்லும்போது என் வாயில இருந்து அவர் பேசுற தினுசுலயே "டேய் விடுடா"ன்னு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அத்தன மாசம் யார் சொல்லியும் ஏறாதது அதுல ஏறுச்சு.

"நான் அன்னிக்கு மட்டும்..."

திடீர் சாவுல குற்ற உணர்ச்சி வராத ஆள நான் இன்னும் பாக்கல. போன எடுத்திருந்தா, டாக்டர்கிட்ட போகச் சொல்லியிருந்தா, சண்ட போடாம இருந்திருந்தான்னு. இதுக்கு "உன் மேல தப்பில்ல"ன்னு நூறு பேர் சொன்னாலும் பலிக்காது. பேப்பர் எடுங்க, நடுவுல கோடு போடுங்க, ஒரு பக்கம் அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரியும்னு மட்டும் எழுதுங்க, இன்னொரு பக்கம் அப்புறமா தெரிய வந்தது. மணி போட்டு எழுதினா இன்னும் நல்லது. முந்தின நாள் அண்ணன் "தோள் வலிக்குது"ன்னு சொன்னார், நான் வெயிட் தூக்கினதுல இருக்கும்னு சொன்னேன், அது மாரடைப்போட அறிகுறியா இருக்கலாம்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. ஆமா, இடது தோள் தான், ஆனா அன்னிக்கு அது எனக்கு வெறும் தோள் வலி தான். எனக்குத் தெரியாத ஒண்ண எனக்குத் தெரிஞ்சிருந்த மாதிரி வெச்சு என்னையே அடிச்சுட்டு இருந்திருக்கேன்.

ஒருவேளை உங்க பக்கம் நிஜமாவே ஒரு தப்பு இருந்துச்சுன்னா? அதையும் மழுப்ப வேணாம். தெரபில அத முழுசா வாய் விட்டு சொல்லணும், எவ்ளோ பங்கு உங்களது, எவ்ளோ மத்தவங்களது, எவ்ளோ யார் கையிலயும் இல்லாததுன்னு பிரிச்சுப் பாக்கணும், அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னா அந்த நாற்காலிகிட்ட கேக்கலாம். மூடி வெச்ச தப்பு தான் ராத்திரில பெருசாகும்.

மாத்திரை பத்தி

துக்கத்துக்குன்னு மாத்திரை இல்ல. 2016ல வந்த ஒரு ஆய்வுல தெரபியோட சிட்டலோப்ராம்னு ஒரு டிப்ரஷன் மாத்திரையும் சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, துக்கம் அதனால கூடுதலா குறையல, ஆனா கூடவே இருந்த டிப்ரஷன் குறைஞ்சுது. அதனால டாக்டர் குடுத்தா எதுக்குக் குடுக்குறாங்கன்னு கேட்டு சாப்பிடுங்க, நீங்களா நிறுத்தாதீங்க, வீட்ல இன்னொருத்தரோட தூக்க மாத்திரைய வாங்கிப் போடாதீங்க. குடிச்சுட்டுத் தூங்குறதும் அப்படித்தான், அலைய அடுத்த நாளைக்குத் தள்ளி வெக்கும், அவ்ளோதான்.

வீட்ல இருக்குற மத்தவங்க

ஒரே வீட்ல ஒரே ஆள இழந்தாலும் ஒவ்வொருத்தர் துக்கமும் ஒவ்வொரு மாதிரி. அண்ணி அவர் சட்டைய திரும்பத் திரும்ப மடிச்சு வெப்பாங்க, அப்பா ஒரு வார்த்தை பேசாம வீட்ல இருக்குற ஃபேன், குழாய் எல்லாத்தையும் கழட்டி ரிப்பேர் பண்ணிட்டு இருந்தார், எனக்கு அவர் மேல அவ்ளோ கோபம், இவருக்கு வருத்தமே இல்லையான்னு. துக்கத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ற மார்கரெட் ஸ்ட்ரோபேவும் ஹென்க் ஷூட்டும் 1999ல எழுதின ஒரு விளக்கத்தப் படிச்சப்புறம் தான் அப்பா புரிஞ்சார். மனசு ஒரு நேரம் இழப்பப் பாத்து நிக்கும், ஒரு நேரம் அன்னாட வேலையப் பாத்து நிக்கும், ரெண்டுக்கும் மாறி மாறிப் போயிட்டு வர்றது தான் ஆரோக்கியம், ஒரே பக்கத்துல மாட்டிக்கிறது தான் பிரச்சன. அழுறதும் துக்கம், குழாய் மாட்டுறதும் துக்கம். சிரிச்சுட்டா துரோகம் பண்ணிட்டோம்னு நினைக்காதீங்க, அது மூச்சு வாங்குற நேரம்.

பிள்ளைங்ககிட்ட "தூங்குறாங்க", "வெளியூர் போயிருக்காங்க"ன்னு சொல்லாதீங்க, தூங்கவே பயப்படுவாங்க, வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. "செத்துட்டாங்க, அவங்க உடம்பு வேலை செய்யுறத நிறுத்திடுச்சு, திரும்பி வரமாட்டாங்க, இது உன்னால ஆகல"ன்னு சின்ன வார்த்தையில சொல்லுங்க. கேட்டுட்டு உடனே விளையாடப் போயிடுவாங்க, அது சாதாரணம். அதே கேள்விய இருபது தடவ கேப்பாங்க, இருபது தடவயும் அதே பதில பொறுமையா சொல்லுங்க.

பக்கத்துல இருக்குற நண்பர்களுக்கு: "ஏதாவது வேணும்னா சொல்லு"ன்னு சொல்லிட்டுப் போகாதீங்க, அந்த நிலைமைல என்ன வேணும்னு யோசிக்கவே தெரியாது. "செவ்வாய்க்கிழமை பிள்ளைய ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்"னு சொல்லுங்க. முதல் வாரம் வீடு நிறைய ஆளு இருக்கும், மூணாவது மாசம் யாருமே இருக்கமாட்டாங்க, அப்ப வாங்க. செத்தவங்க பேர வாய் விட்டு சொல்லுங்க. ஞாபகப்படுத்திடுவோமோன்னு பயப்படாதீங்க, நாங்க மறந்தா தானே ஞாபகப்படுத்துறதுக்கு.

தெரபி எப்ப முடியும்னா, அழுகை நின்னப்புறம்னு இல்ல. எனக்கு கடைசி நாலு செஷன் இடைவெளி விட்டு நடந்துச்சு, அதுல முழுசா பேசினது வரப் போற தேதிகளப் பத்தி தான்: பிறந்தநாள், அந்த நாள், வீட்ல விசேஷம் வந்தா அன்னிக்கு என்ன செய்யப் போறேன், யார் கூட இருப்பாங்க, முடியலன்னா எங்க போய் உக்காருவேன்னு. முடிஞ்சு போன செஷனுக்கு அப்புறமும் அந்தத் தேதிகள் கிட்ட வரும்போது பழைய அலை திரும்ப வரும், அது நீங்க பின்னாடி போயிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல, தேவைப்பட்டா ஒரு செஷன் போட்டுக்கலாம். அண்ணன் பிறந்தநாளுக்கு முந்தின வாரம் நான் ஒண்ணு போட்டு வெச்சிருக்கேன், இந்த தடவ அண்ணியும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.